ஜப்பானில் குடியேறவிருக்கிறோம்: வீட்டு வழக்கங்கள், அக்கம்பக்கம், பண்டிகைகள் குறித்து விளக்கம் தேவை

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணவருக்கு டோக்கியோவில் வேலை உறுதியாகிவிட்டதால், வரும் ஏப்ரல் தொடக்கத்தில் நானும் ஏழு வயது மகளும் அவருடன் அங்கே குடியேறவிருக்கிறோம். எதொகாவா வட்டத்தில், நிஷிகசாய் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய உண்டு என்றாலும், எங்கள் கட்டடத்தில் மற்ற அனைவரும் ஜப்பானியர்களே என்று வீட்டு முகவர் சொன்னாராம்.

ஜப்பானைப் பற்றித் தமிழில் தேடினால் செர்ரிப் பூ, கிமோனோ, தேநீர்ச் சடங்கு, புல்லட் ரயில் ஆகிய நான்கையும் தாண்டி எதுவும் எளிதில் கிடைப்பதில்லை; கிடைப்பவையும் "மிகவும் மரியாதையான மக்கள், குனிந்து வணங்குவார்கள்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. வாசற்கதவுக்கு உள்ளே அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? புதிதாகக் குடிவரும் குடும்பத்திடம் அக்கம்பக்கத்தார் எதை எதிர்பார்ப்பார்கள்? பண்டிகைகள் வீட்டுக்குள் எப்படிக் கொண்டாடப்படுகின்றன, கோயிலுக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் அங்கே என்ன தொடர்பு? அங்கே வாழ்ந்து பழகியவர்கள் விரிவாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


தெற்குச்சாளரம் எழுதியது:

வணக்கம் சகோதரி. தாங்கள் வரவிருக்கும் இடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு பகுதியில் நெடுநாளாக வசிக்கிறேன் என்பதால் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்; கோயில், பண்டிகை பற்றி எழுத இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

மரியாதை என்ற ஒன்றை வைத்து இந்த ஊரைப் புரிந்துகொள்ள முயன்றால் விரைவிலேயே குழப்பம் வந்துவிடும், ஏனெனில் காலை நெரிசலில் பேசாமல் முதுகால் தள்ளிக்கொண்டு ரயிலில் ஏறுகிறவரும் இதே ஊர்க்காரர்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு, ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நாள் உண்டு, அதை மாற்றினால் அடுத்தவருக்குத் தொல்லை என்ற எண்ணமே இங்கே வாழ்க்கையை நடத்துகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வழக்கங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

வீட்டுக்குள் நுழைந்தவுடன் இருக்கும் கெங்கான் என்னும் பகுதியிலிருந்தே இது தொடங்குகிறது. அதன் தரை வீட்டின் தரையைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்; தெருவின் தூசு அந்தப் படியைத் தாண்டி மேலே வரக் கூடாது. காலணியைக் கழற்றியவுடன் அதன் முனை வாசலைப் பார்க்குமாறு திருப்பி வைக்க வேண்டும், கழற்றிய காலோடு தாழ்ந்த தரையை மிதிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். உள்ளே நடப்பதற்குச் செருப்பு தருவார்கள். ஆனால் கோரைப்பாய் போன்ற ததாமி விரித்த அறை வந்தால் அதையும் கழற்ற வேண்டும், கழிவறைக்குத் தனிச் செருப்பு இருக்கும். பொருள் கொண்டுவந்து தருபவர், வாடகை முகவர், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று யார் வந்தாலும் பெரும்பாலும் கெங்கானில் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். நாம் விருந்தோம்பல் என்று நினைத்து "உள்ளே வாருங்கள்" என்று வற்புறுத்தினால் அவர்களுக்குச் சங்கடமே மிஞ்சும்.

குளியலறை தங்களுக்குப் புதிதாக இருக்கும். பெரும்பாலான குடும்ப வீடுகளில் கழிவறை தனியாகவும் குளியலறை தனியாகவும் இருக்கும். குளியலறைக்குள் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுவதும் குளித்து முடித்த பிறகே, 40 அல்லது 41 பாகை வெந்நீர் நிரம்பிய தொட்டிக்குள் இறங்குவார்கள். தொட்டி உடலின் அசதி தீர ஊறுவதற்காக இருக்கிறது. அழுக்குப் போக்குவது வெளியிலேயே முடிந்துவிட வேண்டும். ஒருவர் ஊறிய நீரிலேயே குடும்பத்தார் அடுத்தடுத்து இறங்குவார்கள், இடையில் சூடு குறையாமல் மூடி போட்டு வைப்பார்கள், விருந்தினர் இருந்தால் முதல் முறை அவருக்கே. எல்லாரும் முடித்த பிறகு அந்த நீரைக் குழாய் வைத்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் உறிஞ்சி எடுப்பதும் வழக்கம். பொதுக் குளியலிடங்களான சென்தோக்களிலும் வெந்நீர் ஊற்றுகளான ஒன்சென்களிலும் இதே ஒழுங்குதான். அங்கே ஆடையின்றியே இறங்க வேண்டும், சிறு துண்டையும் நீருக்குள் விடக் கூடாது, பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. பழைய சென்தோக்களின் சுவரில் ஃபூஜி மலை பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கும். 1912இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் ஒரு குளியலிடத்தில் தொடங்கிய பழக்கம் என்கிறார்கள்.

இனி குப்பை. இதில்தான் அக்கம்பக்கத்தார் தங்களை முதலில் கவனிப்பார்கள். எரிப்பவை, எரிக்க முடியாதவை, பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி, தகரக் குவளை, செய்தித்தாள், அட்டைப்பெட்டி என்று பிரித்து, அந்தந்த வகைக்குரிய கிழமையில், பொதுவாகக் காலை 8 மணிக்குள் குறித்த இடத்தில் வைக்க வேண்டும். பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, சுற்றியுள்ள தாளைக் கிழித்து, உள்ளே அலசி, நசுக்கி வைக்க வேண்டும். பைகளின் மேல் வலையை இழுத்து மூடாவிட்டால் காகங்கள் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும், அதைப் பெருக்குபவர் பக்கத்து வீட்டு மூதாட்டியாக இருப்பார். வகை மாற்றி வைத்த பையை வண்டிக்காரர்கள் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள், யாருடையது என்று மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பழைய நாற்காலி, மெத்தை போன்ற பெரிய பொருள்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்து, கடையில் கட்டண வில்லை வாங்கி ஒட்ட வேண்டும். வட்ட அலுவலகத்தில் முகவரியைப் பதியும்போதே குப்பை நாள்காட்டியை ஆங்கிலத்திலும் கேட்டு வாங்கிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். (டோக்கியோவின் பிரிவுகள் எவ்வளவோ எளியவை. தோகுஷிமா மாநிலத்தில் கமிகாத்சு என்ற சிற்றூர் 2003இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்து, குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறது. குப்பை வண்டி வராது, மக்களே கொண்டுபோய்ப் போட வேண்டும்.)

குடிவந்த ஓரிரு நாளில் இருபுறத்து வீடுகளுக்கும், மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் சென்று ஒரு சிறு பொருளைக் கொடுத்து அறிமுகம் செய்துகொள்வது பழைய வழக்கம். தனியாக வசிப்பவர்களிடம் இது குறைந்து வருகிறது என்றாலும், குழந்தை உள்ள குடும்பங்கள் செய்வது மிகவும் நல்லது. "எங்களுக்குச் சிறு குழந்தை உண்டு, ஓடினால் சத்தம் கேட்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட வீட்டின் சத்தத்தையும் சொல்லாத வீட்டின் சத்தத்தையும் கீழ் வீட்டார் ஒன்றுபோல் கேட்பதில்லை. தரையில் மெத்தென்ற விரிப்புப் போடுவதையும், இரவு 9 மணிக்கு மேல் துவைக்கும் இயந்திரத்தை ஓட்டாமல் இருப்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.


கல்வெட்டு எழுதியது:

கோயிலைப் பற்றிய கேள்விக்கு நான் வருகிறேன். ஜப்பானியரிடம் "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டால் பலர் "எனக்கு மதம் எதுவும் இல்லை" என்றே சொல்வார்கள். ஆனால் அரசின் பண்பாட்டுத் துறை வெளியிடும் கணக்கில் ஜப்பானின் மரபுத் தெய்வ வழிபாடான ஷிந்தோவினரையும் பௌத்தரையும் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையையே தாண்டிவிடும். இரண்டும் உண்மைதான். ஊர்த் தெய்வத்தின் எல்லைக்குள் வாழ்பவர்களை ஷிந்தோ ஆலயம் தன் கணக்கில் சேர்க்கிறது. முன்னோர் கல்லறை இருக்கும் குடும்பங்களைப் பௌத்த மடம் தன் கணக்கில் சேர்க்கிறது. இரண்டிலும் இடம்பெற்ற அதே மனிதர் திருமணத்தைக் கிறித்தவத் தேவாலயம் போல் அமைத்த மண்டபத்தில் நடத்துகிறார்.

இந்தப் பிரிவினைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் நாட்டை ஆண்ட தோகுகாவா அரசு கிறித்தவத்தைத் தடைசெய்து, ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த மடத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. தடை 1873இல் விலகிய பின்னும், சாவுச் சடங்கும் கல்லறையும் மடத்தோடேயே தங்கிவிட்டன. குழந்தை பிறப்பு, 3, 5, 7 வயதில் நவம்பர் 15ஐ ஒட்டிக் குழந்தைகளை அலங்கரித்து அழைத்துச் செல்லும் ஷிச்சி-கோ-சான், புதிய கட்டடத்துக்கு நிலம் தோண்டும் முன் செய்யும் பூசை போன்ற வாழ்வு சார்ந்தவை ஷிந்தோவுக்கு. தங்கள் மகளுக்கு ஏழு வயது என்பதால் நவம்பரில் பக்கத்து ஆலயத்தில் கிமோனோ அணிந்த அவள் வயதுச் சிறுமிகளைக் காண்பீர்கள். விரும்பினால் வாடகைக் கிமோனோவில் தாங்களும் அழைத்துச் செல்லலாம், யாரும் மதம் கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்குள் நடக்கும் பண்டிகைகளில் புத்தாண்டே தலையாயது. 1873இல் மேற்கத்திய நாள்காட்டிக்கு மாறியதிலிருந்து அது ஜனவரி 1ஆம் நாள். டிசம்பர் கடைசியில் வீட்டை ஒட்டடை முதல் அடுப்படி வரை சுத்தம் செய்கிறார்கள், 31ஆம் நாள் இரவு சோபா என்னும் பக்வீட் (buckwheat) மாவு நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள், நள்ளிரவையொட்டி மடங்களில் மணி 108 முறை ஒலிக்கிறது. மனித மனத்தின் 108 மயக்கங்களை அகற்ற என்பது அதற்குச் சொல்லும் விளக்கம். மறுநாள் காலையில் அடுக்குப் பெட்டியில் வைத்த ஒசேச்சி என்னும் ஆறிய பலகாரங்களோடு ஒசோனி என்னும் சூப் வரும். இந்த ஒசோனியில்தான் ஊர்ப்பற்று தெரியும்: டோக்கியோ பக்கத்தில் சதுர அரிசிக் கொழுக்கட்டையைச் சுட்டுத் தெளிந்த சூப்பில் போடுவார்கள், கியோட்டோவில் உருண்டைக் கொழுக்கட்டையை வேகவைத்து வெள்ளை மிசோ என்னும் சோயா விழுது கரைத்த சூப்பில் இடுவார்கள், இரு ஊர்க்காரர்கள் மணம் செய்துகொண்டால் எந்த முறை என்பது ஆண்டுதோறும் நடக்கும் பேச்சுவார்த்தை. குழந்தைகளுக்குச் சிறு உறையில் பணம் கிடைக்கும். முதல் மூன்று நாளுக்குள் ஆலயத்துக்குச் செல்வதை ஹத்சுமோதே என்கிறார்கள். ஊர் விட்டு ஊர் போய்ப் புகழ்பெற்ற கோயில்களில் கூடும் இன்றைய பழக்கம், மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ரயில் பாதைகள் வந்த பிறகு, பயணிகளைப் பிடிக்க ரயில் நிறுவனங்கள் செய்த விளம்பரங்களால் பரவியது என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். இது தெரிந்தும் மக்கள் போகாமல் இருப்பதில்லை. ஒரு வழக்கம் எத்தனை பழையது என்பதை வைத்து அதன் உண்மையை அளப்பது ஜப்பானுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

மற்றொன்று ஒபோன். முன்னோரின் ஆவி வீட்டுக்கு வந்து தங்கிப் போகும் நாள்களாக நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரையும், டோக்கியோவின் சில பகுதிகளில் ஜூலை நடுவிலும் கடைப்பிடிக்கிறார்கள். வெள்ளரிக்காய் ஒன்றுக்கும் கத்தரிக்காய் ஒன்றுக்கும் குச்சியால் நான்கு கால் செருகிப் பூசை மாடத்தின் முன் வைப்பார்கள். வெள்ளரி குதிரை, வரும்போது விரைந்து வருவதற்கு. கத்தரி மாடு, போகும்போது மெல்லப் போவதற்கு. 16ஆம் நாள் இரவு கியோட்டோவைச் சூழ்ந்த ஐந்து மலைகளில் எழுத்தும் உருவமுமாக நெருப்பு மூட்டி வழியனுப்புகிறார்கள். அந்த வாரத்தில் நகர் முழுவதும் சொந்த ஊருக்குப் போவதால் ரயில், விமானக் கட்டணங்கள் உயர்ந்திருக்கும். தங்கள் பயணங்களை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். பூங்காக்களில் நடுவில் மேடை கட்டி மத்தளம் அடிக்க, சுற்றி வட்டமாக ஆடும் ஆட்டத்தில் அயலாரும் சேரலாம்.

நம் தெய்வங்களைத் தேடுகிறவர்களுக்கும் இந்த ஊர் ஏமாற்றம் தராது. பௌத்தத்தின் வழியே சீனா சென்று அங்கிருந்து ஜப்பான் வந்த சரஸ்வதி, பென்சைதென் என்ற பெயரில் வீணைக்குப் பதிலாக பிவா என்னும் நரம்புக் கருவியோடு பெரும்பாலும் நீர்நிலைகளின் நடுவே இருக்கிறாள். உவேனோ குளத்தின் நடுவிலுள்ள மண்டபம் அவளுடையது. தங்கள் பகுதிக்கு வடக்கே ஷிபமாதாவில் உள்ள புகழ்பெற்ற கோயிலின் தாய்ஷாகுதென் நம் இந்திரனே. அசகுசாவின் மாத்சுசியாமா கோயிலில் இருப்பவர் விநாயகர். அவருக்குப் படைப்பது கொழுக்கட்டை அன்று, வெள்ளை முள்ளங்கி. திருவுருவத்தை மக்கள் பார்வைக்கு வைப்பதில்லை.


பொருநைக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. நாங்கள் சைவ உணவுக்காரர்கள். வீட்டில் சமைத்துக்கொள்வோம் என்றாலும் வெளியே என்ன செய்வது? மகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம், அங்கே என்ன எதிர்பார்க்க வேண்டும்? மேலும், தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையவை, பொங்கலே அங்கும் உண்டு என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அதில் உண்மை உண்டா?


முருங்கைப்பூ எழுதியது:

என் பிள்ளைகள் இருவரும் கவாசாகியில் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் பள்ளியிலிருந்து தொடங்குகிறேன்.

வெளிநாட்டுக் குழந்தைகளையும் அரசுப் பள்ளி கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் தாங்கள் வரும் நேரம் மிகப் பொருத்தமானது. மொழி தெரியாத குழந்தைகளுக்குத் தனி உதவி உண்டா என்று வட்டக் கல்வி அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். பள்ளி தரும் பொருள் பட்டியலைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். வாசலில் மாற்றிக்கொள்ள உள்காலணி, அதற்கொரு பை, தரை துடைக்கத் தைத்த துணி, ரந்தோசெரு என்னும் முதுகுப்பை என்று அது நீளும். முதல் வகுப்பில் வாங்கச் சொல்லும் கணக்குப் பெட்டியில் இருக்கும் எண்ணும் குச்சி, சிறு வில்லை ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரை ஒட்ட வேண்டும்; மார்ச் கடைசியில் தாய்மார்கள் இரவெல்லாம் நுண்ணிய பெயர்த் தாள்களோடு உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம். தங்கள் மகள் இரண்டாம் வகுப்பில் சேர நேர்ந்தாலும் பென்சிலுக்குப் பென்சில் பெயர் எழுதுவதிலிருந்து தப்ப முடியாது. டோக்கியோ வட்டாரத்தில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு தலைமூடியும் கேட்பார்கள். அது சாதாரண நாளில் நாற்காலியின் மேல் இருக்கை மெத்தை, நில அதிர்வு ஒத்திகையின்போது தலைக்குக் கவசம்.

பள்ளியில் கூட்டிப் பெருக்கும் பணியாளர்களைத் தேடாதீர்கள். வகுப்பறை, நடைவழி, படிக்கட்டு ஆகியவற்றைக் குழந்தைகளே முறை வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். நண்பகலில் வெள்ளை மேலாடையும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்த அன்றைய முறைக்காரர்கள் பாத்திரங்களைத் தூக்கி வந்து மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள். அந்த உணவில் மீனும் இறைச்சியும் இருக்கும் என்பதால், மதக் காரணத்தைச் சொல்லி வீட்டிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்ப அனுமதி கேளுங்கள்; பெரும்பாலும் இசைவார்கள், ஆனால் ஆசிரியரை நேரில் கண்டு தெளிவாகப் பேச வேண்டும். பிள்ளைகள் பெற்றோர் துணையின்றி நடந்தே பள்ளிக்குப் போவதும் இங்கே இயல்பு. முதல் சில வாரம் தங்களுக்கு நெஞ்சு படபடக்கும், பிறகு பழகிவிடும்.

வெளி உணவில் கண்ணுக்குத் தெரியாத மீன்தான் சிக்கல். உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனைச் சீவி எடுத்த தாஷி என்னும் சாறு, மிசோ சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் வேகவைத்த காய்களிலும் இருக்கும். கடைக்காரரிடம் "இதில் மீன் இருக்கிறதா?" என்று கேட்டால் துண்டு மீனை நினைத்துக்கொண்டு இல்லை என்பார், தாஷியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் கறி (curry) குழம்புக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருப்பது வழக்கம். அந்தக் கறி இந்தியாவிலிருந்து நேராக வந்ததன்று, ஆங்கிலேயர் வழியாக வந்தது. 1927இல் ஷின்ஜுகுவின் நகமுராயா கடை, அங்கே அடைக்கலம் பெற்றிருந்த இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸின் உதவியோடு விற்கத் தொடங்கியதே அங்கே பெயர்பெற்ற இந்திய முறைக் கறி. பெட்டிக்கடை போல் தெருவுக்குத் தெரு உள்ள கொம்பினிகளில் உமேபோஷி என்னும் புளிப்பு ஊறுகாய் வைத்த அரிசி உருண்டை கிடைக்கும். அதிலும் சிலவற்றில் மீன் சாறு சேர்க்கிறார்கள் என்பதால் பின்புற எழுத்தைப் படித்துப் பழகுங்கள். ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடத்து உணவு முழுச் சைவம். கொம்பு என்னும் கடற்பாசியும் ஷீதாகே காளானும் ஊறிய நீரே அதற்குச் சுவை தருகிறது, தாங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

எனக்கு வியப்பூட்டும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 675இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியைத் தடைசெய்ததிலிருந்து, 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதைப் பலரறிய வெளிப்படுத்தும் வரை, நாற்கால் இறைச்சியை மறைவாகவும் மருந்தென்றும் சொல்லித் தின்ற நாடு இது. அப்படியிருந்தும் இறைச்சி வேண்டாம் என்று சொல்லும் ஒருவரை இன்றைய சமையற்காரர் புரியாமல் பார்க்கிறார்.

உணவு மேசையில் இரண்டை மட்டும் தவிர்த்தால் போதும். சாதத்தில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது; தகனத்துக்குப் பின் எலும்பை எடுக்கும்போது அப்படித்தான் செய்கிறார்கள். மகளுக்கும் சொல்லி வையுங்கள்.


அந்திவானம் எழுதியது:

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தெற்குச்சாளரம் அவர்கள் சொன்ன இடமும் நாளும் பற்றிய ஒழுங்கு யாருடைய உழைப்பில் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குடியிருப்போர் சங்கம் என்ற ஒன்று பெரும்பாலான தெருக்களில் உண்டு. சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாக வரும், படித்துக் கையொப்பமிட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். குப்பை வைக்குமிடத்தைக் கழுவும் முறையும், கோடை விழாவுக்குக் கூடாரம் போடும் வேலையும் வரும். இது விருப்ப அமைப்பே. உறுப்பினர் விலகலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் விலகுகிறவர்கள் கூடக்கூட, எஞ்சியிருக்கும் முதியவர்களின் மேல் சுமை ஏறுகிறது. நாட்டில் ஏறத்தாழ பத்தில் மூவர் 65 வயதைக் கடந்தவர்கள். திருவிழாவில் தெய்வத்தின் பல்லக்கைத் தூக்கத் தோள் இல்லாமல் வெளியூரிலிருந்து ஆள் அழைக்கும் தெருக்கள் டோக்கியோவிலேயே உள்ளன. பெற்றோர் சங்க வேலைகளும் இன்றளவும் பெரும்பாலும் தாய்மார்களிடமே வருகின்றன.

கணவரின் வேலை நேரத்தையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைப் பளுவால் நேரும் சாவுக்குத் தனிப் பெயரே ஏற்பட்ட நாடு இது. 2018இல் இயற்றிய சட்டம் கூடுதல் வேலையைப் பொதுவாக மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று வரையறுத்த பின் நிலைமை தேறியிருக்கிறது என்றாலும், மேலாளர் எழாமல் தானும் எழக் கூடாது என்று நினைக்கிறவர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இயற்கைச் சீற்றம் பற்றி யாரும் சொல்லவில்லை. 1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த பெரும் நில அதிர்வின் நினைவாக, 1960 முதல் அந்த நாளைப் பேரிடர்த் தடுப்பு நாளாக வைத்து நாடெங்கும் ஒத்திகை நடத்துகிறார்கள். மாலையில் தெரு ஒலிபெருக்கிகளில் ஒரு குழந்தைப் பாடலின் மெட்டு வந்தால் வியக்காதீர்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அழைப்பதோடு, பேரிடர் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று நாள்தோறும் சோதிக்கும் வழியும் அதுவே. எதொகாவா வட்டம் பெரும்பாலும் கடல் மட்டத்தினும் தாழ்ந்த நிலம். 2019இல் அவ்வட்டம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, பெருவெள்ளம் வருமானால் இங்கே இருக்கக் கூடாது என்று வெளிப்படையாக அச்சிட்டிருந்தார்கள். வெள்ளம் வந்தால் தங்கள் கட்டடத்திலிருந்து எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதைக் குடிவந்த முதல் வாரத்தில் பார்த்துவிடுங்கள். நீர், கைவிளக்கு, உலர் உணவு, சிறிது பணம் கொண்ட பை ஒன்று கெங்கானில் இருக்கட்டும்.


தெற்குச்சாளரம் எழுதியது:

அந்திவானம் அவர்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஒழுங்குக்கு ஆள் வேண்டும், ஆள் குறைந்துகொண்டே வருகிறது என்பது உண்மை.

மொழி உறவைப் பற்றி: சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல்லாண்டு வாதிட்டார், ஜனவரி 15ஐ ஒட்டிச் சிவப்புப் பயறுக் கஞ்சி வைக்கும் சிறு புத்தாண்டையும் பொங்கலையும் ஒப்பிட்டார். அவருடைய சொற்பட்டியல்கள் சுவையானவை, ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவினரிடம் அந்த அளவில் சொல்லிவிடலாம். உறுதியான தொடர்பு வேறொன்று உண்டு. ஜப்பானியரின் அகரவரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போவதற்கு, பௌத்தத் துறவிகள் கற்ற வடமொழி எழுத்துமுறையே காரணம். மகள் அதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவாள்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. அன்பளிப்புப் பணத்தில் நம் மொய்யைப் போன்ற கணக்கு அங்கே உண்டு. திருமணத்துக்கு இரண்டாகப் பிரிக்க முடியாத ஒற்றைப்படையில், நண்பர் என்றால் வழக்கமாக 30,000 யென், மடிப்பு விழாத புதிய தாளாக, ஒரு முறை முடிந்தால் அவிழாத முடிச்சு போட்ட உறையில் வைப்பார்கள். துக்க வீட்டுக்குப் புதிய தாள் ஆகாது. சாவை எதிர்பார்த்து முன்பே எடுத்து வைத்தது போல் ஆகிவிடும் என்பார்கள், புதியது மட்டுமே கையில் இருந்தால் ஒரு மடிப்பு மடித்து வைப்பார்கள். துக்கப் பணத்தில் ஏறத்தாழ பாதி மதிப்புக்கு ஒரு பொருள் பிறகு தங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். அலுவலகத்தில் இத்தகைய செய்தி வந்தால், உறையைக் கடையில் வாங்கும் முன் உடன் பணிபுரிபவரிடம் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். உறை மாறினால்தான் வம்பு.


பொருநைக்கரை எழுதியது:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கத் திருநெல்வேலி அல்வா கொண்டுவரலாமா?


முருங்கைப்பூ எழுதியது:

முதல் நாளுக்கு வேண்டாம் அம்மா. முன்பின் தெரியாத வீட்டில் நெய் சொட்டும் ஒரு பொருளைப் பெற்றுக்கொள்கிறவர், அதில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்கவும் கூசி, எறியவும் மனம் வராமல் திண்டாடுவார். அங்கேயே 500 முதல் 1,000 யென்னுக்குள், தனித்தனியாகப் பொதிந்த பிஸ்கட்டோ நல்ல கைத்துண்டோ வாங்கி, கடைக்காரரிடம் குடிபுகும் அறிமுகத்துக்கு என்று சொன்னால் உரிய தாள் சுற்றிப் பெயரும் எழுதித் தருவார். பகல் பொழுதிலோ, இரவு உணவுக்கு முன் மாலையிலோ போங்கள். இரண்டாம் முறையும் கதவு திறக்காவிட்டால் சிறு குறிப்போடு வாசற்கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வரலாம்.

சில மாதம் பழகி, மகளுக்கு அந்த வீட்டில் ஒரு தோழியும் கிடைத்த பிறகு அல்வாவைக் கொடுங்கள். கோதுமைப் பால், நெய், சர்க்கரை என்று சிறு தாளில் ஜப்பானிய மொழியில் எழுதி ஒட்டுங்கள், அளவு சிறிதாக இருக்கட்டும். ஒரு வாரத்துக்குள் அவர்களிடமிருந்து ஏதாவது வரும். அதற்கு மறுபடி பதில் கொடுக்க ஓடாதீர்கள், நன்றி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரு வீட்டாரும் ஆண்டு முழுவதும் பெட்டி சுமந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.